டிராம் சீலும் என் மானமும்

பழைய கடித உறையில் விழுந்த தபால் சீலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, "இது அதுவல்ல, இது வேறு" என்று சொல்வதற்கும் உலகத்தில் சிலருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மொன்றியலில் அப்படிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

உங்களிலும் என்னைப் போலப் பலர் இருப்பீர்கள். கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரர் "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டதும் சோற்றுக்குள் அப்பளத்தைத் தேடத் தொடங்குகிறவர்கள். டொக்டர், ரீச்சர், எக்கவுண்டன்ட் என்று ஒரே சொல்லில் முடிகிற வேலை வாய்த்த பாக்கியவான்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். மற்றவர்கள் கிட்ட வாருங்கள்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் டிராம் வண்டிக்குள்ளேயே தபால் கந்தோர் ஓடியது. உள்ளே நிற்கிற கிளாக்கர், வண்டி ஆட ஆட, கடிதங்களைப் பிரித்து முத்திரை மேல் சீல் குத்திக்கொண்டே போவார். (எங்கள் ஊரில் ஸ்டாம்பைத்தான் முத்திரை என்போம், அதன் மேல் குத்துகிற கறுப்பு வட்டம் சீல்.) வட்டத்துக்குள் டிராம் பாதையின் பெயரும் திகதியும் இருக்கும். சீல் தேய்ந்தால் புதிதாகச் செய்வார்கள். புதியதில் ஓர் எழுத்து கொஞ்சம் தள்ளி நிற்கும், ஒரு புள்ளி காணாமல் போகும், வட்டம் மயிரளவு பெருத்திருக்கும். அந்த மயிரளவுக்காகச் சோறு தண்ணீர் மறந்து அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நகரத்தின் வில்லரேப் பகுதியில், ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில், ஜெரார் என்ற கிழவர் ஏலக் கடை நடத்துகிறார். வருகிற உறைகளில் எது எந்தச் சீல் என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஊரில் நான் கணிதம் படிப்பித்தவள்.

இந்த வேலையை நான் முக்கியமாக ஒளித்தது பரமு மாமாவிடம். என் கணவர் ரஞ்சனின் தாய்மாமன். நாங்கள் இந்த நாட்டில் வந்திறங்கிய அன்று, இரண்டு குளிர் ஜாக்கெட்டுகளைக் கையில் தொங்கப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் நின்றவர். தன் மனைவியை இங்கே கூப்பிட முன்னமே மாமி ஊரில் நோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு மாமாவுக்கு நாங்கள்தான். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறார். வேலை கிடைத்த அன்று "தபால் சம்பந்தமான வேலை மாமா" என்று சொல்லி வைத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, மருமகள் கனடாத் தபால் இலாகாவில் பெரிய உத்தியோகம் என்று முடிவு கட்டிவிட்டார். அவர் முகத்தில் இருந்த அந்தப் பெருமையைக் கலைக்க எனக்கு வாய் வரவில்லை.

பார்சல் அதிகாரி

லவாலில் ஒரு பிறந்தநாள் விழா. பாட்டுப் பெட்டி அலற, கேக் வெட்ட ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரத்தில் மாமா ஒருவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். லண்டனில் இருந்து அவருடைய தமக்கை அனுப்பிய புடவைப் பார்சல் மூன்று கிழமையாக வந்து சேரவில்லையாம். "எங்கட வதனியிட்ட குடும். அவ பாத்துக்கொள்ளுவா" என்றார் மாமா. அந்த மனிதர் பார்சல் இலக்கம் எழுதிய துண்டை இரண்டு கையாலும் நீட்டினார், கோயில் ஐயரிடம் அர்ச்சனைத் தட்டை நீட்டுவதுபோல.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ம்... பாக்கிறன் அண்ணை" என்று துண்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன். காது இரண்டும் சுட்டது. ரஞ்சன் எதிர்க் கதிரையில் கேக்கைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். திங்கட்கிழமை அந்தப் பார்சல் தன்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்று பின்னேரமே அந்த அண்ணை வீட்டுக்குப் போன் எடுத்து மாமாவிடம் சொன்னது இது: "தங்கச்சி ஒரு சொல்லுத்தான் சொல்லியிருப்பா, தபால்காரன் ஓடிவந்து குடுத்திட்டுப் போறான்!"

அபூர்வப் புள்ளி

வொல்டர் என்று ஒரு வாடிக்கையாளர். புவாண்ட்-கிளேரில் தனியாக இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வெடுத்துப் பல காலம். பால்ட்டிமோர் நகரத்தின் ஒரே ஒரு டிராம் பாதையின் சீல்களை மட்டும் சேர்க்கிறவர். அதிலும் ஓர் எழுத்துக்குப் பின்னால் புள்ளி விழுந்த சீல் ஒன்றுக்காகக் காலமெல்லாம் காத்திருந்தவர். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் அந்தப் புள்ளி என் கண்ணாடிக்குக் கீழே வந்து நின்றது. எழுத்துக்குப் பின்னால், சரியான இடத்தில், கறுப்பாக, உருண்டையாக. எனக்கு மேல் மூச்சு வாங்கியது. ஜெராரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் மூக்குக் கண்ணாடியை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்தவர். என் வார்த்தையை நம்பி வொல்டருக்குப் போன் எடுத்தார்.

பனி கொட்டுகிற நாளில், பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறி ஏறி வந்து சேர்ந்தார் வொல்டர். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. உறையைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சாவண இடுக்கியால் அந்தப் புள்ளியை மெதுவாகத் தொட்டார். புள்ளி கழன்று மேசையில் விழுந்தது. கடுகுத் தோல். உறையை ஆராய்ந்த அன்று மதியம் நான் சாப்பிட்ட தாளித்த உருளைக்கிழங்குக் கறியில் வெடித்த கடுகு. ஜெரார் ஜன்னலுக்கு வெளியே போகிற வாகனங்களைப் பார்க்கத் தொடங்கினார். நான் மேசைக்குக் கீழே போய்விடலாமா என்று யோசித்தேன். வொல்டர் கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். உறையை மிகக் கவனமாகத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "மேடம், இந்த டிராம் எங்கெங்கே போனது என்று எல்லாப் புத்தகமும் வாசித்திருக்கிறேன், உங்கள் சமையலறைக்குப் போனதாக ஒன்றிலும் இல்லை."

அம்மா பார்ப்பா

மகள் தாரணியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. ஆசிரியை பிரெஞ்சில் மிக மெதுவாகக் கேட்டார், வீட்டில் எல்லாம் சரிதானா என்று. பிள்ளை எழுதிய கட்டுரையைக் காட்டினார். "என் அப்பா பேக்கரியில் பாண் சுடுவார். என் அம்மா பார்ப்பா." அவ்வளவுதான். அப்பா பாண் சுட அம்மா கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற குடும்பம் என்று அந்த மனுஷி நினைத்துவிட்டார். வெட்கத்தில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சும் மறந்துபோனது. கைப்பையில் இருந்த இரண்டு சீல்களின் போட்டோக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். ஆசிரியை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார், இரண்டும் ஒன்றுதானே என்றார். இல்லை, இதில் கடைசி எழுத்தின் வால் வட்டத்தைத் தொடுகிறது, அதில் தொடவில்லை என்று விரல் வைத்துக் காட்டினேன். மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மேடம், உங்கள் கணவரால் வீட்டில் எதையாவது ஒளிக்க முடிகிறதா?"

சாப்பாடு கொண்டுவந்த ஆள்

கடுகுச் சம்பவத்துக்குப் பிறகு நான் வேலைக்குக் கொண்டுபோனது வெறும் பாணும் சீஸும். அதையும் ஒருநாள் வீட்டில் மறந்துவிட்டு வந்தேன். மாமா சும்மா இருப்பாரா? பஸ், ரயில், மெட்ரோ என்று முழு மொன்றியலையும் கடந்து வில்லரேக்கு வந்துவிட்டார். கீழே சலவைக் கடையில் நின்று "போஸ்ட் ஒபிஸ்? போஸ்ட் ஒபிஸ்?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் மேலே கை காட்டியிருக்கிறார்கள். கதவு திறந்தது, என் மாமா நின்றார். கோட்டும் சூட்டும். அரசாங்கக் கந்தோருக்கு வருகிறவர் அல்லவா, அதற்கேற்ற உடுப்பு.

உள்ளே அவர் கண்டது மூன்று மேசை, ஒழுகுகிற ஹீற்றர், கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர். கொடி இல்லை, கவுண்டர் இல்லை, வரிசையில் நிற்கிற சனம் இல்லை. அவர் கண் ஒவ்வொன்றாகத் தேடியதை நான் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஜெரார் பாவம், "பொன்ஜூர், பொன்ஜூர்" என்று கதிரை இழுத்துப் போட்டு, ஒரு அல்பத்தைத் திறந்து முன்னால் வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் பழைய உறைகள். மாமா குனிந்து பார்த்து, "உது முழுக்க முத்திரையோ பிள்ளை?" என்றார். "ஓம் மாமா" என்றேன்.

சீலைப் பற்றி அங்கேயே சொல்லியிருக்கலாம். முத்திரையை இங்கே யாரும் சட்டை செய்வதில்லை, உறையும் சீலும் முழுசாக இருப்பதுதான் எல்லாம் என்று இரண்டு வசனத்தில் முடிந்திருக்கும். ஆனால் சொல்லத் தொடங்கினால் என் உத்தியோகம் முழுவதும் வெளியில் வந்துவிடும் என்ற பயத்தில், ரயிலுக்கு நேரமாகிறது என்று அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு படியிறங்கினேன். மெட்ரோ வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சொன்னார்: "கந்தோர் சின்னன்தான் பிள்ளை. ஆனா அந்தக் கிழவன் உன்னோட மரியாதையாக் கதைக்கிறான், எனக்கு அது காணும்."

பேப்பரில் கிடந்தவை

அடுத்த சனிக்கிழமை கீழ்த்தளத்துக்கு உடுப்புத் தோய்க்க இறங்கினேன். மேசையில் இலவசத் தமிழ்ப் பேப்பர் விரித்துக் கிடந்தது. அதன் மேல் சின்னச் சின்ன நீலச் சதுரங்கள், ஒரே அளவில், வரிசை வரிசையாக. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் வெதுவெதுப்பான தண்ணீர், அதற்குள் முதல் நாலு மிதந்தன, மற்றவை இன்னும் நனையவில்லை. மாமா அளவு பார்க்கிற அடிமட்டமும் கத்தரிக்கோலுமாக இருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "உன்ர பெரியவருக்குக் குடு. சிலோன் முத்திரை அவரிட்ட இருக்காது. சின்னனில நானும் சேர்த்தனான், வடிவா வெட்டத் தெரியும்." ஊரில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். உறையை வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, பேப்பரில் காயவைத்து, கொப்பியில் ஒட்டுவோம். ஜெராரின் கடையில் அப்படி ஒரு காரியம் செய்தால் வாடிக்கையாளருக்கு நெஞ்சு வலி வந்துவிடும்.

ஆனால் எனக்கு அப்போது நினைவில் வந்தது ஜெரார் அல்ல. அந்த நீல நிறத்தை எனக்குத் தெரியும். வான்கடிதம். தாளே உறை. உள்ளே எழுதி, மடித்து, ஒட்டி அனுப்புவது. முத்திரை வெளிப்பக்கத்தில் அச்சடித்தே இருக்கும். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்தில் பாதிப் பாதியாக வெட்டுப்பட்ட வரிகள், சாய்ந்த எழுத்து. மாமியின் கையெழுத்து. ஊரில் யுத்தம் நடந்த காலம் முழுக்க அவர் மாமாவுக்கு எழுதிய கடிதங்கள், அத்தனைக்கும் மூலையில் ஒரு ஜன்னல் வெட்டப்பட்டிருந்தது. நான் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு மாமாவும் ஒன்றைத் திருப்பினார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, கண் மட்டும் மாறியது. கத்தரிக்கோலை மெதுவாக மேசையில் வைத்தார். "முன்பக்கம் மட்டும்தான் பாத்தனான், பிள்ளை."

உத்தியோகம் போன நாள்

உங்களில் யாருக்காவது தரை பிளந்து உள்ளே போய்விட வேண்டும் என்று உண்மையாகவே தோன்றியிருந்தால், என் நிலைமை விளங்கும். தண்ணீரில் கிடந்த நாலையும் அள்ளி எடுத்தேன். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கனடாத் தபாலும் இல்லை, உத்தியோகமும் இல்லை. செத்துப்போன டிராம் வண்டிகளின் சீலைப் பார்க்கிற வேலை. அந்தப் பார்சலைக் கண்டுபிடித்ததும் நான் அல்ல. ஒரு கடித மூலையைக் காட்டி, "பாருங்கோ மாமா, சீல் பாதி முத்திரையில, மிச்சப் பாதி கடிதத்தில. வட்டத்தைப் பொருத்தினா எது எந்தக் கடிதத்தின்ர எண்டு கண்டுபிடிக்கலாம். இதைத்தான் நான் அங்க நாள் முழுக்கச் செய்யிறன்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மூலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்க் கடிதங்கள் இருந்த சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். "அப்ப உது உன்ர வேலைதானே? செய்."

ஜெராரின் விளக்கு

கடையில் வேலை முடிந்த பின்னேரங்களில் செய்தேன். மாமா அடிமட்டம் வைத்து வெட்டியவர், ஒரு மூலைக்கும் மற்ற மூலைக்கும் வடிவத்தில் வித்தியாசமே கிடையாது. பின்பக்கத்து வரிகளை வைத்துப் பொருத்தியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு மனுஷி தன் புருஷனுக்கு எழுதியதை நான் வாசிக்கலாமா? எல்லாவற்றையும் முன்பக்கம் மேலே இருக்கத்தக்கதாகவே வைத்துக்கொண்டேன். சீல் மட்டும்தான் துணை. முதலில் யாழ்ப்பாணம். பிறகு சாவகச்சேரி. பிறகு கிளிநொச்சி, அங்கே சீலின் விளிம்பு உடைந்திருந்தது, மையும் இல்லை, வெறும் பள்ளம்தான் பதிந்திருந்தது. கடைசியில் வவுனியா. மாமி இடம்பெயர்ந்து போன பாதை முழுவதும் வட்டம் வட்டமாக என் மேசையில் கிடந்தது. அவர் அந்தக் காலத்தில் அங்கே நடந்தார், நான் இந்தக் காலத்தில் இங்கே கணிதப் பட்டத்தோடு உட்கார்ந்து என் வேலை கேவலமென்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைத்து அன்றைக்கு அழுதேன், ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஜெரார் யாருக்கும் இரவல் கொடுக்காத தன் மேசை விளக்கைக் கொண்டுவந்து என் பக்கம் வைத்தார். ஒட்டுவதற்கு, தாளைக் கெடுக்காத மெல்லிய கடதாசி கொடுத்தார். வொல்டர்கூட ஒரு நாள் வந்தவர், தன் உறைகளை மறந்துவிட்டு ஒரு கிளிநொச்சி வட்டத்தின் பள்ளத்தை விளக்கில் சாய்த்துப் பிடித்துக் கண்டுபிடித்துத் தந்தார். கடைசியில் ஜெரார் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இதில் ஒரு டிராம்கூட இல்லை வதனி, ஆனால் டிராமை நீ ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை."

மிஞ்சிய நாலு மூலை

எல்லாம் பொருந்தின, தண்ணீரில் விழுந்த நாலைத் தவிர. அவற்றின் சீல் கரைந்து போய்விட்டது. கண்ணாடி வைத்தேன், சாய்த்துப் பார்த்தேன், விளக்குக்கு எதிரே பிடித்தேன். ஒன்றும் இல்லை. மூலை இல்லாத நாலு கடிதங்களையும், கடிதம் இல்லாத நாலு மூலைகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கீழ்த்தளத்துக்கு இறங்கி அவற்றை மாமாவின் மேசையில் வைத்தேன். "மாமா, இது நாலும் என்னால ஏலாமல் போச்சு. நீங்கள்தான் பின்பக்கம் வாசிச்சுப் பாக்கவேணும்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். பேனை மை ஊறிப் பரவியிருந்தது. அந்த மூலையில் விழுந்த கடிதத்தின் கடைசி வரி மட்டும், மாமி அழுத்தி எழுதியிருப்பார் போல, நாலிலும் தப்பியிருந்தது. நாலையும் என் பக்கம் தள்ளினார். வேறு வழியில்லாமல் வாசித்தேன். "நேரத்துக்குச் சாப்பிடுங்கோ." அடுத்ததிலும் அதுதான். அதற்கடுத்ததிலும். அதே சாய்வு, அதே இடைவெளி, அதே இடத்தில் ஒரு புள்ளி. பழக்க தோஷத்தில் ஏதாவது வித்தியாசம் இருக்குமா என்று தேடினேன். மாமா சிரித்தார். வெட்டிய நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு மூலையை எடுத்து, கைக்கு வந்த முதல் கடிதத்தின் ஜன்னலில் வைத்து, விரலால் அமர்த்திப் பார்த்தார்.

"எல்லாத்திலையும் கடைசியில அவள் இதைத்தான் எழுதுறவள். எதில ஒட்டினாலும் சரிதான், பிள்ளை."

மயிரளவு வித்தியாசம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற நான், வித்தியாசமே இல்லாத நாலு கடதாசித் துண்டுகளை எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற கதையை மட்டும் ஜெராரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.